சாரி-ங்கற ஒரே சொல்லை வெச்சு இங்கிலீஷ் டிக்ஷனரிகளுக்கு ஒரு ரிவ்யூ

டிக்ஷனரி வாங்கப் போறவங்க கடைல நின்னுட்டு முதல்ல தேடறது வாய்ல நுழையாத ஏதாவது ஒரு பெரிய வார்த்தையத்தான். அது உள்ள இருந்துச்சுன்னா "பரவால்லயே, எல்லாம் இருக்கு"ன்னு பில் போட்டுடுவாங்க. அது சோதனையே இல்லைங்க. பெரிய வார்த்தைக்கு பெரும்பாலும் ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்கும், அத எந்த டிக்ஷனரியும் ஒழுங்கா சொல்லிடும். டிக்ஷனரியோட வண்டவாளம் தெரியணும்னா நமக்கு ஏற்கெனவே தெரியும்னு நெனச்சிட்டு இருக்கற சின்ன வார்த்தையத் தேடணும். நான் எப்பவும் தேடறது சாரி, மன்னிப்பு கேக்கறப்ப சொல்றோமே அந்த சாரி. பேச ஆரம்பிக்கற கொழந்தைக்கும் தெரியும், ஆட்டோ ஓட்டறவர்ல இருந்து கலெக்டர் வரைக்கும் சொல்வாங்க, ஆனா இங்கிலீஷ்ல அது அடிப்படைல ஒரு அட்ஜெக்டிவ், மனசுல என்ன ஓடுதுன்னு சொல்ற அட்ஜெக்டிவ், அதுக்கு நாலஞ்சு அர்த்தம் இருக்கு, அதுல ரெண்டு ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும்ங்கறத யாரும் யோசிக்கறதே இல்ல.

நான் பாக்கறது கஸ்டமர் சப்போர்ட் வேலை. போன் இல்ல, மெயில். இங்கிலாந்து, அமெரிக்கா கஸ்டமர்களுக்கு எங்க டீம் எழுதற பதில்கள அனுப்பறதுக்கு முன்னாடி படிச்சுத் திருத்தறது என் பொறுப்பு, அதனால நாள் முழுக்க கண்ணு முன்னாடி சாரியா ஓடிட்டு இருக்கும். டிக்ஷனரி எனக்கு அலமாரில வெக்கற சாமான் இல்ல, தெனம் கைல எடுக்கற சாமான். இந்த ரிவ்யூல முக்கியமா பாக்கப்போறது ஆக்ஸ்ஃபோர்டோட லேர்னர்ஸ் டிக்ஷனரி சைட், அதாவது இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாம படிக்கறவங்களுக்குன்னு எழுதினது, அதுவும் காசு கட்டாம பாக்கற பகுதி. நடுவுல லாங்மேன், காலின்ஸ் கோபில்ட், மெரியம் வெப்ஸ்டர், நம்ம ஊரு லிஃப்கோ எல்லாம் வந்துட்டுப் போகும்.

முதல்ல இங்கிலீஷ்-தமிழ் பக்கத்த முடிச்சிடறேன். நம்மள்ல முக்கால்வாசிப் பேரு இங்கிலீஷ் படிச்சது இதுல இருந்துதான், 1929ல ஆரம்பிச்ச லிஃப்கோவோட அகராதி இல்லாத நடுத்தர வர்க்க வீடு ஒரு காலத்துல மெட்ராஸ்லயே கெடையாது. அது பண்ண நன்மைய நான் கொறச்சு சொல்ல மாட்டேன். ஆனா பொதுவா எந்தக் கையடக்க இங்கிலீஷ்-தமிழ் அகராதிய எடுத்தாலும் சாரிக்கு நேரா வருத்தம், துயரம், இழிவுன்னு சில சொல் கமா போட்டு வரிசையா நிக்கும், அவ்ளோதான். ஒண்ணுகூட தப்பில்ல. எப்போ வருத்தம், எப்போ இழிவு, அதான் இல்ல. படிக்கிற பையன் அந்த வரிசைல முதல்ல இருக்கறத எடுத்துட்டுப் போயிடுவான், அடுத்ததெல்லாம் அவனுக்கு எடுபடாது. சென்னைப் பல்கலைக்கழகத்தோட பெரிய ஆங்கிலம்-தமிழ் அகராதி இருக்கு, சிதம்பரநாதன் செட்டியார் தலைமைல 1960கள்ல வந்தது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட சைட்ல சும்மாவே பாக்கலாம், நல்ல தமிழ்ச் சொல் வேணும்னா இன்னிக்கும் நான் போற எடம் அது. அதுகூட அர்த்தம் சொல்ற அகராதிதான். சாரிய எப்படி ஒரு வாக்கியத்துல உக்கார வெக்கறதுன்னு சொல்ற வேலை அதோடது இல்ல.

இப்ப ஆக்ஸ்ஃபோர்ட் சைட்டத் தெறங்க. சாரின்னு தேடுனதும் முதல்ல கண்ணுல படறது ஏ1ங்கற குட்டி அடையாளம், அதாவது இங்கிலீஷ் படிக்க ஆரம்பிக்கறவங்களே தெரிஞ்சிருக்க வேண்டிய சொல்லு. அத நம்பி ஈஸின்னு நெனச்சுடாதீங்க, கீழ போகப்போகத்தான் விஷயம். பண்ணின ஒண்ணுக்காக வெக்கமும் வருத்தமும் படறது ஒரு அர்த்தம். அடுத்தவனுக்கு நடந்த ஒண்ணுக்காக வருத்தப்படறது, இரக்கப்படறது இன்னொண்ணு. வேற மாதிரி பண்ணியிருக்கலாமேன்னு பின்னாடி நொந்துக்கறது தனி. கடைசியா பரிதாபமான, கேவலமான நெலமைல இருக்கற ஒண்ணக் குறிக்கறது. இதெல்லாம் எல்லா டிக்ஷனரிலயும் இருக்கும்னு சொல்வீங்க, இருக்கும்தான். ஆனா அந்த அர்த்தங்களுக்கு முன்னாடி கட்ட அடைப்புக்குறிக்குள்ள சின்ன எழுத்துல ஒரு குறிப்பு இருக்கும் பாருங்க, முதல் அர்த்தங்களுக்கு 'பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வராது'ன்னு, கேவலம்ங்கற அர்த்தத்துக்கு 'பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி மட்டும்தான் வரும்'னு. அந்த ஒரு வரிக்காகவே நான் இந்த சைட்டுக்கு காசு கேட்டாலும் குடுப்பேன்.

ஏன்னா பாருங்க. 'தி மேனேஜர் இஸ் சாரி'ன்னா மேனேஜர் வருத்தப்படறார். 'தி சாரி மேனேஜர்'னு எழுதுனா மேனேஜர் கேவலமா, பரிதாபமா இருக்கார்னு அர்த்தம். தமிழ்ல இந்த வம்பே கெடையாது, வருத்தப்படற மேனேஜர்னாலும் மேனேஜர் வருத்தப்படறார்னாலும் ரெண்டும் ஒரே ஆளுதான். அதனால நம்ம பசங்க சந்தோஷமா பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி தூக்கிப் போட்டுடுவாங்க, 'வீ ஆர் எ சாரி டீம் டுடே'ன்னு எழுதி, நாங்க மனசார மன்னிப்பு கேக்கறோம்னு நெனச்சிட்டு இருப்பாங்க. படிக்கிற வெள்ளக்காரனுக்கு அது 'நாங்க இன்னிக்கு ஒண்ணுத்துக்கும் உதவாத கும்பல்'னு போய்ச் சேரும். கடுப்புல இருக்கற கஸ்டமர் "அதான் தெரியுதே"ன்னு நெனப்பான். சாரி ஸ்டேட், சாரி சைட் (வெப்சைட் இல்ல, காட்சிங்கற சைட்), சாரி எக்ஸ்கியூஸ்னு வர்றதெல்லாம் இந்தக் கேவலம் ரகம்தான். ஒரு பஸ் ஸ்டாண்டு கழிப்பறைய விவரிக்கறதுக்கு இதவிடப் பொருத்தமான அட்ஜெக்டிவ் இங்கிலீஷ்ல கெடைக்காது.

அடுத்து கூட ஒட்டிக்கிட்டு வர்ற சின்னச் சொல்லுங்க, ஃபார், அபவுட், டு. இதுலதான் டிக்ஷனரி டிக்ஷனரியா பிரியும். 'சாரி ஃபார் தி டிலே', 'சாரி அபவுட் தி டிலே' ரெண்டும் சரி, தாமதத்துக்கு மன்னிப்பு. ஆனா ஃபார்க்கு அப்பறம் ஒரு ஆளக் கொண்டாந்து வெச்சீங்கன்னா அர்த்தம் தடாலடியா மாறிடும், 'ஐ ஆம் சாரி ஃபார் ஹிம்'னா அவனப் பாத்தா பாவமா இருக்கு. வேலைக்குப் புதுசா சேர்றவங்க கஸ்டமருக்கு 'வீ ஆர் சாரி ஃபார் யூ'ன்னு எழுதுவாங்க, உங்ககிட்ட மன்னிப்பு கேக்கறோம்னு நெனச்சு. அது போய்ச் சேர்றது 'உங்கள நெனச்சா எங்களுக்கே பாவமா இருக்கு சார்'னு. காசையும் வாங்கிட்டு பொருளையும் அனுப்பாம பாவமும் பட்டா எப்படி இருக்கும்? ஆக்ஸ்ஃபோர்ட்ல இந்த ஆளுக்காக சாரிங்கறத தனியா பிரிச்சு ஒரு தொடராவே குடுத்திருக்காங்க, கூடவே தன்னத்தானே நெனச்சு நொந்துட்டு மூலைல உக்காந்திருக்கறவனச் சொல்றதுக்கு 'சாரி ஃபார் யுவர்செல்ஃப்'னு இன்னொண்ணு. ரெண்டாவதுல லேசா ஒரு கிண்டல் உண்டு, சளி புடிச்சு ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு இருக்கற வீட்டுக்காரரப் பத்தி பொண்டாட்டி சொல்ற மாதிரி.

டு வந்தா இன்னொரு கணக்கு. 'சாரி டு கீப் யூ வெயிட்டிங்'னா இன்னும் காக்க வெச்சிட்டு இருக்கேன்னும் இருக்கலாம், இப்பத்தான் வந்தேன்னும் இருக்கலாம். 'சாரி டு ஹேவ் கெப்ட் யூ வெயிட்டிங்'னா காத்திருந்தது முடிஞ்சுபோச்சு, இப்ப வந்துட்டேன். லைவ் சாட்ல இந்த வித்தியாசம் தெரியாம எழுதுனா எதிர்ல இருக்கறவன் இன்னும் அஞ்சு நிமிஷம் உக்காந்திருப்பான். 'சாரி டு ஹியர் தட்'னா கேட்டு வருத்தமா இருக்கு, அதுல மன்னிப்பே கெடையாது.

அந்த மன்னிப்பு இல்லாத சாரிதான் நம்ம ஆளுங்களுக்கு ஜீரணமே ஆகாத எடம். யாராவது இறந்துட்டா 'ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்'னு சொல்றாங்கல்ல, அதக் கேட்டுட்டு "இவன் எதுக்கு சாரி சொல்றான், இவன் என்ன பண்ணான்"னு உண்மையாவே யோசிச்சவங்க இருக்காங்க. அயர்லாந்துல துக்க வீட்டுக்குப் போனா கையப் புடிச்சிட்டு 'சாரி ஃபார் யுவர் ட்ரபிள்'ன்னு சொல்வாங்க, அங்க அதுதான் சம்பிரதாயமான வார்த்தை. நைஜீரியா பக்கம் இன்னும் ஒரு படி மேல, நீங்க நடந்து போகும்போது கால் தடுக்கிட்டா பக்கத்துல வர்ற யாரோ ஒருத்தர் சாரிம்பார், அவர் உங்கள இடிக்கவே இல்ல, நம்ம "அச்சச்சோ, பாத்து"ங்கற எடத்துல அவங்க வெக்கற சொல்லு அது. ஆஸ்திரேலிய ஆதிக்குடி மக்கள் பேசற இங்கிலீஷ்ல 'சாரி பிசினஸ்'னா சாவு, இழவு, அத ஒட்டின சடங்கு, ஊரே கூடி துக்கம் காக்கறது எல்லாம் சேர்ந்தது. அதுல யாரும் யாருகிட்டயும் மன்னிப்பு கேக்கல. எனக்கு என்னவோ சாரியோட பழைய உயிர் இந்த எடத்துலதான் இன்னும் இருக்குன்னு தோணும்.

பழைய உயிர்னு சும்மா சொல்லல. சைட்ல கீழ சொல் பிறப்புன்னு ஒண்ணு இருக்கும், தெறந்து பாருங்க. சாரிக்கும் சாரோங்கற துக்கத்துக்கும் சொந்தம்னுதான் எல்லாரும் நெனப்போம், ரெண்டும் சாரோ சாரின்னு அண்ணன் தம்பி மாதிரியே இருக்கு. அப்படி இல்லையாம். சாரி வந்தது சோர்ங்கற சொல்லோட வேர்ல இருந்து, அதாவது புண்ணு, வலி. பழைய இங்கிலீஷ்ல சாரிக்னு இருந்திருக்கு, வலியோட இருக்கறவன்னு. பின்னாடி சாரோ பக்கத்துல இருந்து இருந்து அதோட உச்சரிப்புதான் இதுல ஒட்டிக்கிச்சு. ஆக முதல்ல அது வலி, மன்னிப்பெல்லாம் பின்னாடி வந்து குடியேறினது. 1755ல சாமுவேல் ஜான்சன் அகராதி போட்டப்பவே இது சின்னச் சின்ன சங்கடத்துக்கு சொல்ற சொல்லு, ரொம்ப நாள் நீடிக்கற துக்கம் இல்லைன்னு எழுதி வெச்சுட்டாரு. மனுஷன் இப்ப இருந்தா லிஃப்ட்ல கால் பட்டதுக்கு நாம சொல்ற சாரியப் பாத்து "நான்தான் அப்பவே சொன்னேனே"ம்பாரு.

ரெண்டு அர்த்தம் முட்டிக்கும்னு மேல சொன்னேன்ல, அதுக்கு வருவோம். 2001 ஏப்ரல் 1ம் தேதி தென்சீனக் கடலுக்கு மேல அமெரிக்காவோட ஈபி-3 உளவு விமானமும் சீனாவோட போர் விமானமும் மோதிக்கிச்சு. சீன பைலட் வாங் வெய் இறந்துட்டார். அமெரிக்க விமானம் தட்டுத்தடுமாறி சீனாவோட ஹைனான் தீவுலயே எறங்கிச்சு, உள்ள இருந்த 24 பேரையும் சீனா விடல. மன்னிப்பு கேட்டாத்தான் ஆச்சுன்னு சீனா, தப்பே பண்ணாம எதுக்கு மன்னிப்புன்னு அமெரிக்கா. ஏப்ரல் 11ம் தேதி அமெரிக்கத் தூதர் ஒரு கடிதம் குடுத்தாரு, அதுல 'வெரி சாரி' ரெண்டு எடத்துல வருது. பைலட்டோட குடும்பத்துக்கும் சீன மக்களுக்கும் அவங்க இழப்புக்கு வெரி சாரி, வாய்மொழி அனுமதி வாங்காம உங்க வான்எல்லைக்குள்ள வந்து எறங்கினதுக்கு வெரி சாரி. சீனப் பக்கம் அத மன்னிப்பாப் படிச்சுக்கிட்டாங்க, அமெரிக்கப் பக்கம் அது மன்னிப்பே இல்ல வருத்தம் தெரிவிச்சோம்னுட்டாங்க, 24 பேரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. ஆக்ஸ்ஃபோர்ட் சைட்ல வெவ்வேற எண் போட்டு பிரிச்சு வெச்சிருக்கற ரெண்டு அர்த்தத்துக்கு நடுவுல இருக்கற சந்துலதான் அந்த விமானத்த ஓட்டிட்டுப் போயிருக்காங்க. வேற எந்த அட்ஜெக்டிவாலயும் இது முடிஞ்சிருக்காது. மன்னிப்பு கேக்கறதுக்குன்னே அப்பாலஜைஸ்னு ஒரு வெர்ப் இருக்கு, அத எழுதியிருந்தா தப்பிக்க வழியே இல்ல.

கோர்ட்டுக்கும் இதே தலவலி. ஆக்சிடென்ட் ஆன எடத்துல பதறிப்போய் சாரின்னு சொல்லிட்டா, பின்னாடி வக்கீல் அதையே தூக்கிட்டு வந்து தப்ப ஒத்துக்கிட்டான்னு வாதாடலாம், அதனால டாக்டருங்ககூட நோயாளி குடும்பத்துகிட்ட அந்த வார்த்தையச் சொல்லவே பயந்தாங்க. கனடாவுல இதுக்குன்னே சட்டம் போட்டிருக்காங்க, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2006ல, ஒன்டாரியோ 2009ல. சாரி சொன்னா அது குத்தத்த ஒத்துக்கிட்டதா ஆகாதுன்னு. ஒரு அட்ஜெக்டிவுக்கு சட்டப் பாதுகாப்பு குடுத்த நாடு! ஆஸ்திரேலியாவுல கத வேற, ஆதிக்குடிக் கொழந்தைங்கள அப்பா அம்மாகிட்ட இருந்து பிரிச்சு எடுத்துட்டுப் போன கொடுமைக்கு 1999ல பிரதமர் ஜான் ஹோவர்ட் காலத்துல நாடாளுமன்றம் ஆழ்ந்த ரிக்ரெட்னு தீர்மானம் போட்டுச்சு, சாரிங்கற வார்த்தைய அவர் கடைசி வரைக்கும் சொல்லல. 2008 பிப்ரவரி 13ம் தேதி அவருக்கு அடுத்து வந்த பிரதமர் கெவின் ரட் எழுந்து நின்னு சாரின்னாரு, ஜனங்க டிவி முன்னாடி அழுதாங்க. ரிக்ரெட்டுக்கும் சாரிக்கும் நடுவுல எட்டரை வருஷம். நம்ம ரயில்வே ஸ்டேஷன்ல வண்டி லேட்டானா 'சிரமத்திற்கு வருந்துகிறோம்'னு ஒரு குரல் வருமே, அதுவும் ரிக்ரெட்தான், இங்கிலீஷ் அறிவிப்புலயும் 'டீப்லி ரிக்ரெட்டட்'னுதான் வரும். அந்தக் குரல் ஒரு தடவ சாரிங்கன்னு சொன்னா பிளாட்பாரத்துல பாதிப் பேருக்கு கோவம் எறங்கிடும்னு நெனக்கறேன்.

சரி ரிவ்யூவுக்கு வர்றேன். சாரி தனியா, வாக்கியமே இல்லாம, வெறும் சத்தமா வர்ற எடங்கள் இருக்குல்ல, அதுல லாங்மேன் ஒரு கை மேல. லாங்மேன்ல அதிகமா பொழங்கற சொல்லுக்கெல்லாம் பேச்சுல எவ்ளோ அடிக்கடி வருது, எழுத்துல எவ்ளோன்னு தனித்தனியா அடையாளம் இருக்கும், எஸ்1னா பேச்சுல முதல் ஆயிரத்துக்குள்ள. நீளமான சொல்லுக்கு ஒவ்வொரு அர்த்தத்துக்கும் தலைல ஒரு கைகாட்டிச் சொல் வெச்சிருப்பாங்க, கண்ண ஓட்டி நமக்கு வேணுங்கறத சட்டுனு புடிச்சுக்கலாம். பேச்சு வழக்க விரிச்சுச் சொல்றது அவங்க பலம். சாரில பாத்தீங்கன்னா குரல மேல தூக்கி 'சாரி?'ன்னா என்ன சொன்னீங்க, கேக்கல, இது பிரிட்டிஷ் பழக்கம், அமெரிக்கால எக்ஸ்கியூஸ் மீ, பார்டன் மீ அதிகம். பேசிட்டு இருக்கும்போதே தப்பா ஒரு நம்பர் வந்துடுச்சுன்னா 'பதினாலு, சாரி, பதினஞ்சு'ன்னு திருத்திக்கறது. 'ஐ ஆம் சாரி, பட்'டுன்னு ஆரம்பிச்சா அடுத்து வரப்போறது மறுப்பு, அங்க வருத்தமெல்லாம் துளியும் கெடையாது, சண்டைக்கு முன்னாடி செருப்பக் கழட்டி வெக்கறது மாதிரி. 'யூ வில் பி சாரி'ன்னா மிரட்டல். ஒரே சொல்லு மன்னிப்பும் கேக்குது மிரட்டவும் செய்யுது, ரெண்டையும் ஒரே பக்கத்துல பக்கத்து பக்கத்துல போட்டுக் காட்டறப்பத்தான் நமக்கு ஒறைக்கும்.

இங்க நம்ம ஊரு இங்கிலீஷோட ஸ்பெஷல் ஒண்ணு இருக்கு, எந்த டிக்ஷனரி எக்ஸாம்பிள்லயும் கெடைக்காது. 'ஹீ ஆஸ்க்ட் சாரி'. மன்னிப்பு கேட்டான்ங்கறத அப்படியே கொண்டுபோய் வெக்கறது. மன்னிப்பக் கேக்கலாம், சாரியக் கேக்க முடியாது, 'ஹீ செட் சாரி'ன்னு சொல்லத்தான் முடியும். ஆனா தமிழ்ல பேசும்போது "அவன்கிட்ட ஒரு சாரி கேளுடா"ங்கறது முழுசா சரி, ஏன்னா தமிழுக்குள்ள வந்த சாரி அட்ஜெக்டிவ் இல்ல, அது பெயர்ச்சொல்லா குடியுரிம வாங்கிடுச்சு. ஒரு சாரி கூட சொல்லல, ஆயிரம் சாரி சொன்னாலும் பத்தாதுன்னு எண்ணிக்கையே போடறோம். தெரியாம கால் பட்டா தொட்டுக் கண்ணுல ஒத்திக்கற ஊருல, மன்னிச்சிடுங்கன்னு வாயத் தெறந்து சொல்றது கொஞ்சம் கனமா இருந்துச்சு போல, அந்த எடத்த சாரி புடிச்சுக்கிச்சு.

உச்சரிப்புக்கு ஆக்ஸ்ஃபோர்ட் சைட்ல ரெண்டு ஸ்பீக்கர் படம் இருக்கும், நீலம் பிரிட்டிஷ், சிவப்பு அமெரிக்கன். ரெண்டையும் அமுக்கிக் கேளுங்க. பிரிட்டிஷ்ல வாயக் குவிச்சு சின்ன ஒ மாதிரி ஆரம்பிக்கும். அமெரிக்கன்ல சுத்தமா ஆ. அப்படியே கட்டற சாரி! மெரியம் வெப்ஸ்டர் போனா சேலைக்குப் போட்ட அதே உச்சரிப்புக் குறிய வருத்தத்துக்கும் போட்டிருப்பாங்க. கனடாக்காரங்க சோரிம்பாங்க, எல்லையில அவங்கள அதுலயே கண்டுபுடிச்சுடலாம்னு அமெரிக்கர்கள் ஓட்டுவாங்க. மெரியம் வெப்ஸ்டர் அமெரிக்க எழுத்துக்கு நல்ல சைட்தான், ஆனா அவங்க பொது அகராதி அங்க பொறந்து வளந்தவங்களுக்கு எழுதினது, நம்மள மாதிரி ஆளுங்க அவங்களோட லேர்னர்ஸ் பக்கத்துக்குப் போறது நல்லது.

கோபில்ட்டப் பத்தி சொல்லணும். 1987ல பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துல ஜான் சின்க்ளேர் தலைமைல வந்தது, நெஜமா ஜனங்க பேசின எழுதின இங்கிலீஷக் கம்ப்யூட்டர்ல கொட்டி, அதுல இருந்து அர்த்தம் எடுத்தாங்க. அதோட அழகு, அர்த்தத்தையே ஒரு முழு வாக்கியமா எழுதறது. நீங்க இப்படி ஒரு நெலமைல இருந்தா அப்படின்னு அர்த்தம்னு ஒரு டீச்சர் பக்கத்துல உக்காந்து சொல்ற தோரண. சாரி மாதிரி மனசு சம்பந்தப்பட்ட சொல்லுக்கு இந்த மொற ரொம்பவே பொருந்தும், ஏன்னா அந்தச் சொல்லு எந்த வாக்கியத்துல எந்த எடத்துல நிக்கும்னு அர்த்தத்துலயே தெரிஞ்சுடுது. படிக்கக் கொஞ்சம் நீளம். அவசரத்துல எரிச்சல் வரும், சாவகாசமா உக்காந்தா சொகம்.

இவ்ளோ இருந்தும் நான் ஆக்ஸ்ஃபோர்டயே முதல்ல தெறக்கறேன்னா அதுக்குக் காரணம் அது பொறந்த கதையிலயே இருக்கு. அத எழுதின ஹார்ன்பி இங்கிலாந்துல உக்காந்து எழுதல. 1924ல ஜப்பானுக்கு வாத்தியாரா போனவரு, அங்க பசங்க எங்கெங்க வழுக்கி விழறாங்கன்னு வருஷக்கணக்கா பாத்தவரு, தன் கூட ரெண்டு பேர சேத்துக்கிட்டு எழுதினது 1942ல டோக்கியோவுலதான் முதல்ல அச்சாச்சு, நடுவுல உலகப்போர், அப்பறம் 1948லதான் ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பா வந்துச்சு. அதாவது இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாத ஆளு என்ன கேப்பான்ங்கற கேள்வில இருந்து பொறந்த புத்தகம். அர்த்தத்தவிட எந்த வெர்புக்கு எது பின்னாடி வரும், எது வராதுங்கறதுலதான் ஹார்ன்பிக்குப் பைத்தியம். 'பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வராது'ங்கற அந்தக் குட்டி அடைப்புக்குறி இன்னிக்கும் அந்த வாத்தியார் புத்தியோட தொடர்ச்சிதான். 2020ல பத்தாவது பதிப்பு வந்துடுச்சு, புத்தி மாறல.

எல்லாருக்கும் ஒத்து வருமான்னா வராது. விளக்கம் பூரா இங்கிலீஷ்தான், எளிமையான இங்கிலீஷ்தான்னாலும் இங்கிலீஷ்தான், ஆறாங்கிளாஸ் தமிழ் மீடியம் புள்ளைகிட்ட குடுத்தா மூடி வெச்சுடும். அதுக்கு முதல்ல லிஃப்கோ மாதிரி தமிழ்ல அர்த்தம் சொல்ற ஒண்ணு கைல இருக்கணும், இல்லாட்டி கேம்பிரிட்ஜ் சைட்ல இங்கிலீஷ்-தமிழ் பகுதி இருக்கு, அதுல ஆரம்பிக்கலாம். ஆக்ஸ்ஃபோர்ட்ல நாம பாக்கறது காசு கட்டாத பக்கம்ங்கறதால விளம்பரம் வரும், போன்ல பாத்தா கை பட்டு எங்கயாவது போயிடும், கம்ப்யூட்டர்ல பாருங்க. மொழிபெயர்ப்பு ஆப்ல சாரின்னு ஒத்தச் சொல்லா போட்டு அர்த்தம் பாக்கற பழக்கத்த மட்டும் விட்டுடுங்க, அது மன்னிக்கவும்னு ஒண்ணு குடுக்கும், நீங்க அத எழவு வீட்டு மெயிலுக்கும் போடுவீங்க. அப்பறம் எந்த சைட்டா இருந்தாலும் ஆன்லைன் அகராதின்னா என்னிக்கும் இருக்கும்னு நம்பிடாதீங்க, மேக்மில்லன் டிக்ஷனரி சைட் அருமையா இருந்துச்சு, 2023 ஜூன் மாசத்தோட மூடிட்டாங்க, புக்மார்க் மட்டும் என்கிட்ட இருக்கு.

அதனாலயே ஒரு அச்சுப் பிரதியும் வீட்ல இருக்கட்டும்ங்கறது என் கட்சி. புதுசு விலை கூடத்தான். பழைய பதிப்பு போதும், திருவல்லிக்கேணி பக்கம் பிளாட்பாரத்துல பழைய புக் போட்டிருக்கறவங்ககிட்ட தடி தடியா கெடைக்கும். செல்போன், இன்டர்நெட் சம்பந்தமான சொல்லுங்கதான் பழசுல இருக்காது, சாரி மாதிரி சொல்லுக்கெல்லாம் அது ஒரு குறையும் வெக்காது. வாங்கறதுக்கு முன்னாடி எஸ் எழுத்து முழுசா இருக்கான்னு மட்டும் பொரட்டிப் பாத்துக்கங்க, இங்கிலீஷ்ல ரொம்ப நீளமான எழுத்து அதான், பழைய புக்ல நடுவுல கிழிஞ்சு போற பக்கம் பெரும்பாலும் அதுலதான் இருக்கும், கடைக்காரர் கேட்டா "எல்லாம் இருக்கு சார்"னுதான் சொல்வாரு.